இடது தோளில் நான்கு விரற்கடை

இது நடந்தது. முப்பத்தொரு வருடம் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் செய்தி எழுதியவன் நான். மீன் விலை, நகரசபைக் கூட்டம், கவிழ்ந்த படகு, யார் வீட்டு மாடு யார் தோட்டத்தில் நுழைந்தது. தேதியும் நேரமும் இல்லாமல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் குறிப்பேடு இருக்கும். இதில் வரும் நேரமெல்லாம் அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தது.

அந்த ஆறு நாட்களில் நான் உருப்படியாகச் செய்தது ஒரே ஒரு காரியம். என் மனைவி வெரிட்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அதைச் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் டெவன் கடற்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் மடியில் தலையணை வைத்து லேஸ் பின்னிய ஊர். வெரிட்டி அந்தக் காலத்து உள்ளுடைகளை அப்படியே நகல் எடுத்துத் தைப்பவள். நாடகக்காரர்கள், அருங்காட்சியகங்கள், சரித்திரப் பைத்தியங்கள் என்று அவளுக்கு வாடிக்கைக்காரர்கள் உண்டு. தையல் இயந்திரத்தைத் தொட மாட்டாள். எல்லாம் கைத்தையல். அதுவும் பகல் வெளிச்சத்தில் மட்டும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலை விளக்கொளியில் தைத்தால் கண்ணும் கெடும், தையலும் கெடும் என்பாள். டிசம்பரில் மாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் ஊசியை வைத்துவிடுவாள்.

2009 பிப்ரவரியில் ஊர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவள் ஃபிலிப்பா யோ. தாம்சின் ஹேமன் என்ற லேஸ்காரியின் கல்யாணப் பெட்டி அவர்களிடம் இருந்தது. அதற்குள் லினன் துணியில் தைத்த உள்ளங்கிகள். முழங்காலுக்குக் கீழே வரும், கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்தவை. அந்தக் காலத்துப் பெண்கள் கல்யாணத்துக்கு ஆறு தைப்பார்கள். சலவையில் கலந்துவிடாதபடி ஒவ்வொன்றிலும் பெயரின் முதல் எழுத்துகளும் எண்ணும் சிவப்பு நூலில் குறுக்குத் தையலாக இருக்கும். பெட்டியில் ஒன்று முதல் ஐந்து வரை இருந்தன. ஆறைக் காணோம். முதல் உள்ளங்கி மட்டும் கொஞ்ச நாள் உடுத்தியது போலிருந்தது. மற்ற நான்கிலும் ஒரு தடவை துவைத்த அடையாளம்கூட இல்லை.

காட்சிக்கு வைக்க ஒரு நகல் வேண்டும் என்றாள் ஃபிலிப்பா. டிசம்பர் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை கொடுத்தாக வேண்டும்.

வெரிட்டி ஐந்தாம் எண்ணைப் பார்த்துத் தைத்தாள். லேஸையும் அவளே பின்னினாள். பெரணி இலை போன்ற ஒரு கொடி. ஒரு விரற்கடை பின்ன மூன்று நாள். லேஸ் மட்டும் ஏழு மாதம் ஆயிற்று.

நகல் எடுப்பவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. அசலின் அடையாளக் குறியை மட்டும் அப்படியே போடக் கூடாது. தன் பெயரையும் வருடத்தையும் போட வேண்டும். பின்னாளில் யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காக. இருபது வருடமாக வெரிட்டி அதை மீறியதில்லை.

இந்தத் தடவை மீறினாள். துணியின் மேல் விளிம்பில், சிவப்பு நூலில், தாம்சின் ஹேமனின் எழுத்துகளைப் போட்டு அதன் கீழே 6 என்று தைத்தாள்.

"என்ன வெரி, உன் சட்டத்தை நீயே மீறிட்டே?" என்றேன்.

"அஞ்சு பேர் வந்து உக்காந்திருக்காங்க. ஆறாவது நாற்காலி காலியா கெடந்தா நல்லாவா இருக்கு?"

"ஃபிலிப்பா திட்டப் போறா."

"அவளுக்கு அது கண்ணுல படவே ஒரு மாசம் ஆகும். நீ போய்ப் பத்திரிகையில போட்டுடாதே."

டிசம்பர் பதினாறு, புதன். மாலை 3.38. கழுத்து லேஸின் இரண்டு முனைகளும் இடது தோளில் வந்து சேர்ந்தன. அங்கே கடைசித் தையலைப் போட்டு, நூலைக் கடித்தாள். போட்டிருந்த கம்பளிச் சட்டைக்கு மேலேயே உள்ளங்கியை மாட்டிக்கொண்டு அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எப்படி இருக்கேன்?"

"மூட்டை கட்டின முட்டைக்கோஸ் மாதிரி."

"உனக்கு இன்னிக்கு ராத்திரி சாப்பாடு கெடையாது."

கழற்றி ஜன்னலோரம் மாட்டினாள். சமையலறையில் தேநீர் போட்டோம். ரொட்டி வாட்டினோம். கடலுக்கு மேலே வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

4.12.

தையல் அறையிலிருந்து ஒரு சத்தம். டிக்... கொஞ்சம் விட்டு, டிக்... மெல்லிய நூல் அறுபடுவது போல.

"பூனைதான்," என்றாள் வெரிட்டி. பூனை அவள் காலடியில் படுத்திருந்ததை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை 8.50. இடது தோளில் லேஸ் பிரிந்து தொங்கியது. நான்கு விரற்கடை அகலம். மற்ற இடத்தில் ஒரு தையல்கூட அசையவில்லை.

"மக்கிப்போன நூல். கடைக்காரன் பழசைத் தலையில கட்டிட்டான்," என்று வேறு நூல்கண்டு எடுத்தாள். மதியத்துக்குள் தைத்துவிட்டாள்.

அன்று வியாழன். 4.12 ஆனதும் மீண்டும் அதே சத்தம். இந்த முறை எழுந்து போனேன். கதவைத் திறந்தபோது 4.15. யாருமில்லை. அறை மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. கணப்பில் தீ எரிந்துகொண்டிருந்தது, ஆனால் சூடு என் பக்கம் வரவில்லை. லேஸ் பிரிந்திருந்தது. அதே நான்கு விரற்கடை.

பிரித்த நூல் ஜன்னல் பலகையில் இருந்தது. சுண்டுவிரலில் சுற்றி எடுத்தது போல, சின்ன வளையமாக.

வெரிட்டி அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "நான்தான் பிரிச்ச நூலை இப்படிச் சுத்தி வைப்பேன், டென்சில். நான் வைக்கலை."

"தூக்கக் கலக்கத்துல வந்து பிரிச்சியோ என்னவோ."

"சாயங்காலம் நாலு மணிக்கா? உன் பக்கத்துல உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டேவா?"

வெள்ளிக்கிழமை இரட்டை நூலில் தைத்தாள். நான் பூனையை வெளியே விட்டு, அறைக் கதவைச் சாத்தி, உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குறிப்பேடும் பென்சிலும் கையில். திருடனைப் பிடிக்கப் போகிற போலீஸ்காரன் மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

4.05. ஒன்றுமில்லை.

4.10. ஜன்னல் வெளிச்சம் மங்கியது. உள்ளங்கி வெள்ளையாகத் தெரிந்தது, அதைச் சுற்றியிருந்தவை மறைந்தன.

4.12. இடது தோளில் லேஸ் மெதுவாக எழும்பியது. இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துத் தூக்கியது போல.

டிக்.

ஒரு தையல். அடுத்து இன்னொன்று. அந்தப் பிரிப்பில் கோபமோ அவசரமோ எதுவும் தெரியவில்லை. வேலை தெரிந்த கை. துணியில் ஒரு இழைகூடக் கெடாமல் ஒவ்வொன்றாக... டிக்... டிக்...

எழுந்திருக்க நினைத்தேன். வெரிட்டியைக் கூப்பிட நினைத்தேன். இரண்டையும் செய்யவில்லை. என் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தில் '4.12' என்று எழுதி, அதன் கீழே பென்சில் இழுத்துக்கொண்டு போன ஒரு நீளக் கோடு மட்டும் இருக்கிறது.

இரவு முழுக்க அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "விட்டுடு வெரி. ஃபிலிப்பாகிட்ட முடியலைன்னு சொல்லிடலாம்."

"பத்து மாச வேலைடா. ஏழு மாசம் இந்த லேஸ் மட்டும். நாலு விரல் அகலத்துக்குப் பயந்து விட்டுட்டுப் போகணுமா?"

"நான் பார்த்தேன்."

"பார்த்தே. சரி. அந்தத் தாம்சினுக்கு என்ன வேணுமாம்? கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவேயில்லை.

சனிக்கிழமை வெரிட்டி பிடிவாதத்துக்கு வந்துவிட்டாள். பகலில் தைக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு உள்ளங்கியை மடியில் போட்டுக்கொண்டு, தன் கட்டுப்பாட்டை மீறி விளக்கைப் போட்டு, தைக்க உட்கார்ந்தாள். நான் எதிரில்.

"வரட்டும். என் கையில இருக்கும்போது எப்படிப் பிரிக்கிறாள்னு பார்க்கிறேன்."

4.12.

அவள் வலது கை அந்தரத்தில் நின்றது.

"வெரி?"

"அவ பிடிச்சுக்கிட்டா," என்றாள். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "மணிக்கட்டை... குளிர்ந்த கை, டென்சில்..."

நான் பாய்ந்து அவள் கையை இழுத்தேன். என் விரல்களுக்குள் அவள் மணிக்கட்டு இருந்தது. அதற்கும் என் விரல்களுக்கும் நடுவே வேறொன்றும் இருந்தது. பனியில் கிடந்த கயிறு போல.

ஊசி அவள் விரலிலிருந்து நழுவியது. கீழே விழவில்லை. மெதுவாகப் போய் மேசையில் படுத்தது.

4.20க்கு விட்டது. மணிக்கட்டில் நான்கு சிவப்புக் கோடுகள்.

வெரிட்டி அழுது நான் பார்த்தது அபூர்வம். அன்று அழுதாள். "நான் அவளுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? அவ சட்டையைத்தானே தைக்கிறேன்... அவ பேரைத்தானே போட்டேன்..."

அவள் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தேன். சூடு ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் அதைத் தொடவில்லை. லேஸ் பிரிந்தபடியே தொங்கியது. 4.12க்கு நாங்கள் இருவரும் சமையலறையில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

ஒரு சத்தமும் இல்லை.

குறிப்பேட்டில் அதையும் எழுதியிருக்கிறேன். 'ஞாயிறு. ஒன்றும் நடக்கவில்லை.' ஏன் நடக்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் ஏன் என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவன்.

திங்கள், டிசம்பர் இருபத்தொன்று. மறுநாள் கொடுக்க வேண்டும். வெரிட்டிக்குக் கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது. எரித்துவிடலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நான்தான் வழி சொன்னேன்.

என் பழைய செய்தி நறுக்குகளைப் போட்டுவைக்கும் தகரப் பெட்டி ஒன்று உண்டு. கனமான பெட்டி, நல்ல பூட்டு. அவள் பகலிலேயே தைத்து முடிக்கட்டும். முடித்த கையோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். காலையில் பூட்டியபடியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். அதோடு அது நம் வீட்டை விட்டுப் போகும்.

"பத்திரிகைக்காரனுக்கு மூளை இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்றாள் வெரிட்டி. அந்த வாரத்தில் அவள் செய்த கடைசிக் கிண்டல்.

3.36க்குக் கடைசித் தையல். மடித்தேன். பெட்டியில் வைத்தேன். பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டி சமையலறை மேசையில், எங்கள் இருவர் கண்ணெதிரே.

4.12.

பெட்டிக்குள்ளிருந்து.

டொக்.

ஊசி முனையால் தகரத்தைத் தட்டுவது போல. வெரிட்டி என் கையைப் பிடித்தாள்.

டொக்... டொக்...

"திறக்காதே," என்றாள்.

"திறக்க மாட்டேன்."

4.20. வேகம் கூடியது. டொக் டொக் டொக்... பெட்டி மேசைமேல் அதிர்ந்தது. தேநீர்க் கோப்பை தட்டில் நடுங்கியது.

4.31. நிற்கவேயில்லை.

4.40. சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம். அழுகையா... மூச்சா... பெட்டி மேல் காது வைக்க எனக்குத் துணிவில்லை.

4.47. டொக்... டொக்...

டொக்.

4.52.

நின்றது.

வெரிட்டி நீளமாக மூச்சு விட்டாள். "போயிட்டா," என்றாள். "டென்சில்... என் கையைப் பாரேன். பனிக்கட்டி மாதிரி ஆயிடுச்சு."

மறுநாள் காலை அருங்காட்சியகத்தில் ஃபிலிப்பாவின் முன்னால் பெட்டியைத் திறந்தேன். இடது தோளில் லேஸ் முழுசாக இருந்தது. ஒரு தையல் பிரியவில்லை. ஃபிலிப்பாவுக்குச் சந்தோஷம். எண்ணைப் பார்த்து உடனே புருவத்தைத் தூக்கினாள். "வெரிட்டி, இது என்ன ஆறு?"

"காலி நாற்காலி," என்றாள் வெரிட்டி. கையுறைக்குள் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கைக்குச் சூடு திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் அன்று முழங்கை வரை குளிர்ந்திருந்தது. புது வருடத்தில் தோள் வரை. இடது கை அல்ல, ஊசி பிடித்துத் தைத்த வலது கை. மருத்துவமனையில் நல்லவர்கள்தான். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போதே அவள் இளைத்துக்கொண்டு போனாள். கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையை என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொள்வேன். வேறென்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"மூட்டை கட்டின முட்டைக்கோஸ்னு சொன்னியே," என்றாள் ஒருநாள்.

"சும்மா சொன்னேன். அழகா இருந்தே."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல, கஞ்சப்பயலே."

ஜனவரி ஒன்பது, சனிக்கிழமை, மாலை 3.36. அவள் மூச்சு நின்ற நேரத்தைக் குறித்துவைத்தேன். பழக்கம்.

இதுவரை உள்ளதைத் துக்கம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏப்ரல் வரை.

ஏப்ரலில் ஃபிலிப்பா கூப்பிட்டாள். பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது இன்னொரு கல்யாணப் பெட்டி வந்திருக்கிறதாம். அதே காலம். வேறு பெண். இதில் ஆறும் இருந்தன. "உங்களுக்குப் பார்க்கணும்னு தோணும்னு நெனைச்சேன்," என்றாள். முகம் சரியில்லை.

ஆறாவதை மேசைமேல் விரித்தாள். கழுத்தைச் சுற்றி லேஸ். இடது தோளில் அது தைக்கப்படாமல் தொங்கியது. அந்த இடத்தில் நூல் கோத்த ஒரு ஊசி, துருப்பிடித்து, துணியோடு ஒட்டிப்போய் இருந்தது.

நான் விரலை வைத்துப் பார்த்தேன். நான்கு.

"மறந்து விட்டுட்டாங்கன்னுதான் நெனைச்சேன்," என்றாள் ஃபிலிப்பா. "மத்த அருங்காட்சியகங்கள்ல கேட்டேன். இந்தப் பக்கத்து ஆறாம் நம்பர் இன்னும் மூணு இருக்கு. மூணுலயும் இப்படித்தான். அப்புறம் இங்கே இருந்த ஒரு பாதிரியாரோட நாட்குறிப்பு கெடைச்சது. ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்திரண்டு."

வாசிக்க ஆரம்பித்தாள். "'ஆறாவது உள்ளங்கியை இங்குள்ள பெண்கள் தங்கள் சாவுக்கென்று வைத்துக்கொள்கிறார்கள். கழுத்து லேஸை முழுக்கத் தைப்பதில்லை. இடது தோளில் நான்கு விரல் விட்டுவைக்கிறார்கள். இறந்தவளைக் குளிப்பாட்டி உடுத்துகிறவள் அதைத் தைத்து மூடுவாள். சாவு விழாத நேரத்தில் ஒருத்தி ஆறாம் எண்ணைத் தன் கையால் மூடினால்...'"

நிறுத்திவிட்டாள். "டென்சில், நாம இதை இன்னொரு நாள் பார்க்கலாம்."

காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மீதியை நானே வாசித்தேன்.

'...அது மூடியவளுக்கே ஆகும் என்பது இவர்கள் நம்பிக்கை. மணமாகி நான்கு மாதமான ஒருத்தி இதைக் கேலி செய்து, தோழிகளிடம் பந்தயம் கட்டித் தன்னுடையதை மூடினாள். பின்பு பயந்து பிரிக்க முயன்றபோது விரல்கள் குளிர்ந்து மரத்துவிட்டன. அவளால் ஊசியைப் பிடிக்க முடியவில்லையாம். மூன்றாம் வாரம் முடியும் முன், நேற்று, அதையே உடுத்தி அடக்கம் செய்தோம். தாம்சின் ஹேமன், வயது இருபத்திரண்டு.'

ஃபிலிப்பா தேநீர் கொண்டுவந்தாள். குடித்தேனா என்று நினைவில்லை.

புதன், வியாழன், வெள்ளி. மூன்று மாலை வந்து பிரித்தாள். சனிக்கிழமை தைக்கவிடாமல் கையைப் பிடித்தாள். ஞாயிறு திறந்தே இருந்தது, அதனால் வரவில்லை.

திங்கட்கிழமையும் வந்தாள். நான் மடித்துப் பூட்டிவைத்ததை விரித்துப் பிரிக்க அவளுக்கு இடமில்லை.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிசம்பரிலேயே பார்த்ததுதான், அப்போது பொருட்படுத்தவில்லை. மூடியின் உள்பக்கத்தில் ஊசி முனை அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். பூட்டு இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும். நூற்றுக்கணக்கில்.

அந்தப் பெட்டி இன்னும் சமையலறை மேசையில்தான் இருக்கிறது. அதை நான் பூட்டுவதில்லை. டிசம்பர் மாலைகளில் 4.12 ஆகும்போது எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வந்ததில்லை.